மாடித்தோட்ட கிட்: ஒரு தெருவுக்குக் காய் போடுமா?

மதுரையில் குடியிருப்போர் சங்கங்களும் மகளிர் குழுக்களும் பொதுத் தோட்டம் போட நினைத்தால் முதலில் போய் நிற்கிற இடம் நர்சரி; முதலில் வாங்குகிற சாமான் மாடித்தோட்ட கிட். ஒரு கிட்டைப் பிரித்தால் உள்ளே 12க்கு 12 அங்குலப் பை பத்து, 5 கிலோ தென்னை நார்க்கட்டி இரண்டு, மண்புழு உரம் 5 கிலோ, விதைப் பாக்கெட் பத்து, தழைச்சத்து சேர்க்கும் அசோஸ்பைரில்லம், வேரழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா என்ற நுண்ணுயிர்த் தூள்கள் தலா 200 கிராம், வேப்பெண்ணெய் 100 மில்லி. அட்டையில் 'குடும்பத்துக்கே காய்கறி' என்று போட்டிருக்கும். மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டரை.

அட்டையில் இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி வேண்டும். நாலு பேர் வீட்டுக்கு மாதம் 48 கிலோ. பத்துப் பையில் பத்து வெண்டைச் செடி வைத்தால், நன்றாகக் காய்க்கிற வாரத்தில்கூட இரண்டு மூன்று பொரியலோடு சரி. ஒரு வீட்டுக்கு வருஷம் முழுக்கக் காய் கிடைக்க 5 சென்ட் நிலம் வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு. ஆகவே பத்து வீட்டுக்குச் சேர்த்துத் திட்டமிடுகிறவர்கள் எல்லாக் காயையும் மாடியில் எடுத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். கீரை, மிளகாய், கத்தரி, கொத்தவரை இவற்றோடு நிறுத்திக்கொண்டால் கிட் ஓரளவு கைகொடுக்கும்.

பெரிய கோளாறு நார்க்கட்டியில் இருக்கிறது. 5 கிலோ கட்டி ஒன்றை 25 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தால் சுமார் 70 லிட்டர் தூளாக விரியும். இரண்டு கட்டிக்கு 140 லிட்டர். பத்துப் பைக்கும் தேவை, மேலே இரண்டு அங்குலம் விட்டு, 185 லிட்டர். கிட்டோடு வரும் கையேட்டைப் பார்த்து நிரப்பினால் பையில் இருப்பது கிட்டத்தட்ட வெறும் நார்த்தூள்தான். மக்காத நார்க்கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 பங்கு என்றால் கரிமம் 112 பங்கு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குப் போட்ட தழைச்சத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மூன்றாம் வாரத்தில் அடியிலைகள் வெளிறுவது இதனால்தான். பூச்சி என்று நினைத்து மருந்து அடிப்பதில் பயனில்லை.

ஒரு கட்டி மட்டும் போதும். விரிந்த தூள் 70 லிட்டர், செம்மண் 70, நன்கு மக்கிய தொழு உரம் 70. கலக்கும்போது அளவு இறங்கி ஏறத்தாழ 190 லிட்டர் நிற்கும். பத்துப் பைக்கும் சரியாக வரும். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. செம்மண் அழகர்கோவில், மேலூர்ப் பக்கம் கிடைக்கும். திருமங்கலம் கரிசலைப் பையில் போட்டால் நனைந்தபின் களியாகி, காய்ந்தபின் வெடிக்கும். ஆட்டெரு கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் குறைந்தது மூன்று மாதம் மக்கியிருக்க வேண்டும். பச்சை எரு வேரைச் சுட்டுவிடும்.

கட்டியில் உப்பு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். ஒரு டம்ளர் தூள், ஐந்து டம்ளர் ஆர்ஓ தண்ணீர் அல்லது மழைநீர். கலக்கி அரைமணி கழித்துத் துணியில் வடித்து, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வையுங்கள். 250 பிபிஎம்முக்குள் இருந்தால் நல்ல கட்டி. 500 தாண்டினால் இரண்டு மூன்று முறை அலசித்தான் பயன்படுத்த வேண்டும். போர் தண்ணீரில் சோதித்தால் தண்ணீரின் உப்பையும் சேர்த்தே மீட்டர் காட்டும்.

பை விஷயத்தில் கிட் மோசமில்லை. 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 220 கிராம்) கனமுள்ள எச்டிபிஇ பிளாஸ்டிக் பை நம் வெயிலைத் தாங்கும். முதலில் இற்றுப்போவது தையல் நூல். கைப்பிடியைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கைகொடுத்துத் தூக்கினால் கூடுதல் காலம் வரும். கீரைக்கு மட்டும் இந்தப் பை வீண். 24க்கு 9 அங்குல அகலப் பையைத் தனியாக வாங்கி, மணலோடு கலந்து இரண்டு கிராம் விதை தூவினால் போதும். சிறுகீரையை 25 நாளில் பிடுங்கலாம். அரைக்கீரையை அறுக்க அறுக்க மறுபடி தழையும். பத்து வீட்டுக்குப் பங்கு பிரிக்க இதைவிடத் தோதான பயிர் இல்லை.

விதைப் பாக்கெட்டைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. கேரட், காலிஃபிளவர், பீன்ஸ்! கொடைக்கானல் மலையில் விளைவதை மதுரை மொட்டை மாடியில் எப்படி எடுப்பது? பத்தில் நாலு பாக்கெட் இப்படி வீணாகும். பதிலுக்கு பிகேஎம் 1 தக்காளி, எம்டியு 1 பாகல் போன்ற நம் பக்கத்து ரகங்களைக் கேளுங்கள். முன்னது பெரியகுளத்திலும் பின்னது மதுரையிலும் உருவானவை. ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் விசாரித்துவிட்டு ஆடிப்பட்டத்துக்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது.

நுண்ணுயிர்த் தூள் பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெயில் படும் அலமாரியில் கிடந்தது என்றால் தேதி இருந்தும் உயிர் இருக்காது. டிரைக்கோடெர்மா 200 கிராமை 4 கிலோ மக்கிய எருவில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் சில நாள் வைத்துப் போடுங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கூடவே கொஞ்சம் சோப்புக் கரைசல். சாயங்காலம் மட்டும் தெளிக்கவும்.

கிட்டில் இல்லாத ஒன்று தண்ணீர்க் கணக்கு. நார்த்தூள் மேலே காய்ந்தும் உள்ளே சொதசொதவென்றும் இருக்கும். விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேர் அழுகும். கோடையில் பைக்கு 2 லிட்டர், மூன்று கிட் என்றால் முப்பது பைக்கு 60 லிட்டர், தினமும். ஒரு நாள் தவறினால் நார்த்தூள் சுண்டி, அடுத்த நாள் ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக வழிந்து கீழே போய்விடும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குத் தெருவே வைகைக் கரையில் நிற்கும். அந்த நாளின் தண்ணீர் முறை யாருக்கு என்பதைப் பங்குனியிலேயே நோட்டில் எழுதிவிடுங்கள்.