செம்புக் கேமரா ஒயர்னு சொல்லி அலுமினியத்தைத் தலையில் கட்டிட்டாங்க, 14,500 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரிதான் விஷயம் தெரிந்தது, இன்னும் வயிறு எரிகிறது. வீட்டுக்குக் கேமரா போட நினைக்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. போன வருஷம் இரண்டு தடவை மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெங்களூரா காய் இறக்குவதற்குள் கேமரா மாட்டிவிடலாம் என்று கிருஷ்ணகிரியில் ஒரு கேமரா கடைக்குப் போனேன். வீட்டிலிருந்து தோப்பு கேட்டுக்கு 80 மீட்டர், ஒயர் வெயிலில் போகும், பிஓஇ (PoE) வகைக் கேமரா என்பதால் படத்தோடு கரண்டும் அதே ஒயரில்தான் போகணும், எல்லாவற்றையும் சொன்னேன். "பியூர் காப்பர்தானே?" என்று வாய்விட்டே கேட்டேன். கடைக்காரர் ஒரு முனையை உரித்துக் காட்டினார், செக்கச்செவேல் என்று இருந்தது. "என் வீட்டுக்கே இதுதாண்ணா போட்டிருக்கேன்" என்றார், டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையில் நம்பிவிட்டேன். கேட் 6 (Cat 6, நெட்வொர்க் ஒயர் வகை) என்று அச்சடித்த 305 மீட்டர் பெட்டி 8,200, பைப்பும் இழுக்கிற கூலியும் 6,300, மொத்தம் 14,500. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் "கேபிள் 1" என்று எழுதிக் கொடுத்தார்.

பகலில் படம் பளிச்சென்று வரும். இருட்டி, கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் கேட் கேமரா அணைந்து அணைந்து வரும். திருடன் வருவதே ராத்திரிதானே! போன் போட்டால் முதலில் "ஈபி வோல்டேஜ் பிரச்சனைண்ணா", அப்புறம் "கேமராதான் கோளாறு", அப்புறம் "நாளைக்குப் பையனை அனுப்புறேன்". பையன் வரவே இல்லை. நேரில் போய் நின்றால், வெட்டின ஒயரைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சுவரில் இருந்த போர்டைக் காட்டுகிறார்.

ஓசூரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் அக்கா பையன் நேற்று வந்திருந்தான். கேட் கேமராவைக் கழற்றி வந்து தன்னிடம் இருந்த 2 மீட்டர் ஒயரில் மாட்டினான், இருட்டின பிறகும் ஒரு தடவைகூட அணையவில்லை. அப்புறம் எங்கள் ஒயர் முனையை பிளேடால் சுரண்டினான். சிவப்பு பொடியாக உதிர்ந்து உள்ளே வெள்ளை வெளேர் என்று அலுமினியம். "இது சிசிஏ மாமா, மேலே செம்புப் பூச்சு மட்டும்தான். தடை அதிகம், கம்பியும் மெலிசு, ராத்திரி கேமரா கூடுதல் கரண்ட் இழுக்கும்போது தாங்கல. கனெக்டர்லயும் பிடிப்பு நிக்காது." உடனே கடைக்காரருக்குப் போன் போட்டேன். "அந்த விலைக்கு அதுதாண்ணா வரும்" என்று வைத்துவிட்டார். நான் பேரம் பேசவே இல்லை, கேட்ட 14,500ஐ அப்படியே எண்ணிக் கொடுத்தேன்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. உரித்துப் பார்த்தால் போதாது, பணம் கொடுக்கும் முன் சுரண்டிப் பாருங்கள். பியூர் காப்பர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வெயிலில் போகிற ஒயர் என்றால் வெளியில் போடுவதற்கான உறையா என்று கேளுங்கள், ஈபி ஒயரோடு ஒரே பைப்பில் விடாதீர்கள், ஒயர் நீளம் 100 மீட்டரைத் தாண்ட விடாதீர்கள்.

நாளைக்கு அந்தத் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசப் போகிறேன். பைப்புக்குள் கிடக்கும் 80 மீட்டரையும் உருவணும், அதற்கு வேற கூலி.