ஒன்றரை வருஷமாக ஞாயிறு மட்டும் செய்தி

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் ஜெராக்ஸ் கடையில் நல்ல கூட்டம். வரிசையில் நின்ற ஒருவர் போனை என் முன்னால் நீட்டினார். "உலகம் பூரா கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்துடுச்சாம், ஆன் பண்ணி வச்சா எல்லாம் அழிஞ்சிடுமாம்." எனக்குக் கை நடுங்கிவிட்டது. கடையில் இருந்த இரண்டு கம்ப்யூட்டரையும் நிறுத்தினேன். பட்டா நகலுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வந்தவர்களைச் சாயங்காலம் வரை திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைதான் விஷயம் புரிந்தது. வாரம் ஒருமுறை போனுக்கு வரும் ஒரு தமிழ்ச் செய்தித் தொகுப்பில் நண்பர் ஒருவர் என்னைச் சேர்த்துவிட்டிருந்தார். அதுவரை நான் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. விளையாட்டு, தொழில்நுட்பம், உடல்நலம், பண்பாடு என்று நான்கு பகுதி. அன்றைக்குத் தொழில்நுட்பப் பகுதியில் எட்டே வரி இருந்தது. வந்தது வைரஸே இல்லை. பெரிய அலுவலகங்கள் போட்டு வைக்கும் ஒரு பாதுகாப்பு மென்பொருளுக்குப் போன அப்டேட்டில் பிழை. அதனால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோடு நின்றுவிட்டன. பல இடங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து ஒரு ஃபைலை அழித்துத்தான் சரிசெய்தார்கள். என் கடை மாதிரி இடத்தில் அந்த மென்பொருளே கிடையாது.

அன்றைக்கே போனில் செய்தி நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் நிறுத்தினேன். இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. ஞாயிறு மட்டும் செய்தி படிக்கும் இந்த முறை யாருக்கு ஒத்துவரும், எங்கே காலை வாரும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தொகுப்பைத் தனியாகப் படிப்பதில்லை. அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கு எழுதிய மனிதர். கண்ணில் பிரஷர் ஏறிப் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது, பேப்பர் எழுத்து தெரியாது. ஞாயிறு ஆறரை மணிக்குத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மனதுக்குள் படித்தால் கால் மணி நேரத்தில் முடிகிற தொகுப்பு, அவரோடு ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கேள்வி கேட்பார். பதில் தொகுப்பில் இல்லையென்றால் கணக்கு நோட்டில் எழுதி வைத்து, வாரத்துக்குள் தேடிப் பிடித்துச் சொல்வேன். இப்போது இரண்டாவது நோட்டு ஓடுகிறது.

எங்களுக்கு அதிகம் பயன்பட்டது உடல்நலப் பகுதிதான். 2025 ஜனவரி முதல் வாரம், ஹெச்எம்பிவி என்று ஒரு வைரஸ் வந்துவிட்டது, அடுத்த லாக்டவுன்தான் என்று ஊரே பேசியது. திங்கட்கிழமை ஒரு அக்கா வந்து, தெருவில் ஒட்ட வேண்டும் என்று ஒரு வாட்ஸ்அப் எச்சரிக்கையை ஐம்பது பிரின்ட் கேட்டார். போட்டுக் கொடுத்துவிட்டேன், இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது. அந்த ஞாயிறு தொகுப்பில் படித்தேன்: அந்த வைரஸை 2001இலேயே நெதர்லாந்தில் கண்டுபிடித்துவிட்டார்கள், பல வருஷமாக எல்லா நாட்டிலும் இருப்பதுதான், பெரும்பாலானவர்களுக்குச் சளி, இருமலோடு போய்விடும், சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும்தான் கவனமாக இருக்க வேண்டும். ஆறு நாள் பொறுத்திருந்தால் அந்த ஐம்பது தாள் சுவரேறியிருக்காது. இப்போது அப்படி யார் வந்து கேட்டாலும், "ஞாயிறு வரைக்கும் பொறுங்க அக்கா, பார்த்துட்டுப் போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்தப் பகுதியிலேயே ஒரு பெரிய குறையும் இருக்கிறது. இந்தப் பழம் புற்றுநோயைத் தடுக்கும், அந்தக் கீரை சர்க்கரையைக் குறைக்கும் என்று இரண்டு வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடும். ஆராய்ச்சியை எலியிடம் செய்தார்களா, மனிதர்களிடம் செய்தார்களா என்று எழுத மாட்டார்கள். அப்பாதான் முதலில் கேட்டார்: "எலியாப்பா, ஆளா?" அதிலிருந்து நோட்டில் ஒவ்வொரு மருத்துவச் செய்திக்குப் பக்கத்திலும் 'எலி' அல்லது 'ஆள்' என்று குறித்து வைக்கிறோம். தேடிப் பார்த்தால் பெரும்பாலும் எலிதான். இந்த ஒரு சொல்லைத் தொகுப்பவர்களே சேர்த்துவிட்டால் எத்தனையோ வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் காய்ச்சுவது நிற்கும்.

விளையாட்டில் மறக்க முடியாத ஞாயிறு 2024 டிசம்பர் 15. மூன்று நாள் முன்னால், 12ஆம் தேதி, சிங்கப்பூரில் குகேஷ் சீனாவின் டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என்று வென்று பதினெட்டு வயதில் உலக செஸ் சாம்பியன் ஆகியிருந்தார். செய்தி எங்களுக்கும் தெரியும், தெருவில் வெடியே வெடித்தார்கள். ஆனால் எப்படி வென்றார் என்பது அந்த ஞாயிறுதான் தெரிந்தது. பதினான்காவது ஆட்டத்தின் கடைசி நகர்த்தல்களைத் தொகுப்பில் கொடுத்திருந்தார்கள். அப்பா பழைய செஸ் போர்டை எடுக்கச் சொன்னார். நான் காய்களை வைக்க, அவர் ஒவ்வொன்றாக விரலால் தடவி இடம் பார்த்துக்கொண்டார். டிங்கின் 55ஆவது நகர்த்தல், யானை எஃப்2 கட்டத்துக்கு. குகேஷ் யானையை வெட்டினார், டிங்கின் ராஜா திருப்பி வெட்டினார். அடுத்து குகேஷ் தன் பிஷப்பை டிங்கின் பிஷப்புக்கு நேர் எதிரே கொண்டுபோய் வைத்தார். அப்பா இரண்டு பிஷப்பையும் தொட்டுப் பார்த்தார். "இதுவும் வெட்டுப்பட்டா ராஜாவும் சிப்பாயும்தான் மிச்சம். இவன்கிட்ட ஒரு சிப்பாய் கூட இருக்கு. முடிஞ்சுதுப்பா" என்று அவரே சொன்னார். டிவியில் ஓடிய கொண்டாட்டத்தில் இதைக் காட்டவே இல்லை.

ஞாயிறு ஆட்டங்களுக்கு மட்டும் இந்த முறை சரிப்படாது. மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது 2025 நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமை. நவி மும்பையில் ஆட்டம் முடியவே நள்ளிரவு ஆனது. தொகுப்போ அன்று காலையே வந்துவிட்டது. இந்தியா 298 அடித்து, தென்னாப்பிரிக்காவை 246க்குச் சுருட்டி, தீப்தி சர்மா ஐந்து விக்கெட் எடுத்த அந்த ஆட்டத்தைத் தொகுப்பில் படிக்க ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஊரே அதைப் பத்து முறை பேசி முடித்துவிட்டது. தொகுப்பைத் திங்கட்கிழமை காலைக்கு மாற்றலாம் என்று நான் எழுதிப் போட்டேன், இன்னும் மாற்றவில்லை.

பண்பாட்டுப் பகுதிதான் நான்கிலும் மோசம். பாதி இடத்தைப் பட வசூல் பிடித்துக்கொள்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. தமிழ்த் தொகுப்பில் செஞ்சியின் பெயர் கடைசி வரியில் வந்தது. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை வருஷக்கணக்காக முற்றுகை போட்டு 1698இல்தான் பிடிக்க முடிந்த கோட்டை அது. தேசிங்கு ராஜன் கதையைக் கூத்தில் விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர் அவர். அடுத்த மாதமே விழுப்புரம் போய் பஸ் மாறிக் கூட்டிக்கொண்டு போனேன். மலை ஏற முடியவில்லை. அடிவாரத்தில் கல்யாண மகால் படியில் உட்கார்ந்து, கல்லில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் இருந்தார்.

அப்புறம், கடலூரில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தத் தொகுப்பில் வானிலை கிடையாது. 2024 நவம்பர் 30 சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. மறுநாள் எங்களுக்குக் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, தொகுப்பும் இல்லை. புயல்தான் போய்விட்டதே என்று இருந்தேன். திங்கட்கிழமை சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரை தாண்டிக் குண்டு உப்பலவாடி பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். அங்கே இருக்கும் என் சித்தி குடும்பத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல எனக்கே தெரிந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடிக்கு ஏற்றிவிட்டிருக்கிறார்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததைக் கண்ணால் பார்த்த குடும்பம் எங்களுடையது. எங்களுக்கே இப்படி ஆனது.

அதனால் அக்டோபர் பிறந்தால் எங்கள் வீட்டில் விதி மாறிவிடும். பொங்கல் வரைக்கும் காலையிலும் ராத்திரியிலும் வானிலைச் செய்தி, அணை நீர்மட்டம் இரண்டையும் தினம் பார்ப்போம். அப்பாவின் டிரான்சிஸ்டருக்குப் புது பேட்டரி போட்டு, புதுச்சேரி வானொலி ஸ்டேஷனில் முள்ளை நிறுத்தி, சமையலறை அலமாரியில் வைத்துவிடுவேன். சித்தி வீட்டுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.