மல்டிட்ராக் ரெக்கார்டரில் முடித்த பாட்டைச் சேதாரம் இல்லாமல் கணினிக்கு இறக்குவது: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் குலசாமி பாட்டு, அழகர் வர்ணிப்பு, நையாண்டி மேளம் இவற்றை ஊருக்கே போய்ப் பதிவு செய்கிறவர்களுக்குத் தனி மல்டிட்ராக் ரெக்கார்டர் (ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி ட்ராக்காக மெமரி கார்டில் பதிவு செய்யும் கருவி) இன்றும் நல்ல துணை. ஸூம் ஆர்16 ஆறு பென்டார்ச் பேட்டரியில் ஓடும், ஒரே நேரத்தில் எட்டு மைக் வாங்கும். டாஸ்காம் டிபி-24எஸ்டியும் எட்டு மைக் வாங்கும், 24 ட்ராக் வரை அடுக்கலாம், ஆனால் அடாப்டர் கரண்ட் இல்லாமல் ஓடாது. மேலூர் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு கோயில் மண்டபத்தில் லேப்டாப்பை விரித்துக்கொண்டு உட்காருவதைவிட இது எவ்வளவோ மேல். பாட்டு கெடுவது பெரும்பாலும் பதிவில் அல்ல. முடித்த பாட்டைக் கணினிக்குக் கொண்டுவரும்போதுதான்.

முதலில் விட வேண்டிய பழக்கம், ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் இழுத்து லேப்டாப்பின் மைக் துளையில் செருகிப் பதிவு செய்வது. கார்டில் பாட்டு ஏற்கெனவே எண்களாகத்தான் இருக்கிறது. அதை ஒரு முறை ஒலியாக்கி, மறுபடி எண்ணாக்கினால் இரண்டு இடத்தில் இரைச்சல் ஏறும். இப்போதைய லேப்டாப்களில் இருக்கும் ஒற்றைத் துளை பெரும்பாலும் மைக்கை மோனோவாகத்தான் வாங்கும், ஸ்டீரியோ போச்சு. மைக்குக்கான பெருக்கம் அதிகம் என்பதால் தவில் அடி விழும் இடமெல்லாம் பிளந்து கேட்கும். சார்ஜர் செருகியிருந்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வேறு. ஃபைலை அப்படியே நகல் எடுத்தால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

எந்த ஃபைலை எடுப்பது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். கார்டில் தெரியும் தனித்தனி ட்ராக் ஃபைல்களில் ஃபேடரில் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டை) வைத்த அளவும் இருக்காது, மிக்ஸில் போட்ட ரிவெர்பும் (எதிரொலிப்பு) இருக்காது. மைக் வாங்கிய பச்சை ஒலி மட்டுமே இருக்கும். முடித்த பாட்டு வேண்டுமானால் ரெக்கார்டருக்குள்ளேயே மிக்ஸ்டவுன் செய்து, எல்லாவற்றையும் ஒரு ஸ்டீரியோ மாஸ்டர் ட்ராக்கில் இறக்கியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் ட்ராக்குகளை மட்டும் நகலெடுத்துவிட்டு, "கணினியில் பாட்டு வேறு மாதிரி கேட்கிறது" என்று கருவியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

டாஸ்காமில் மிக்ஸ்டவுன், இன் புள்ளியில் தொடங்கி அவுட் புள்ளியில் தானாக நின்றுவிடும். அவுட் புள்ளியைக் கடைசி அடி முடியும் இடத்திலேயே வைத்தால் ரிவெர்பின் வால் அறுந்துபோகும். உறுமியும் பம்பையும் அடங்க நேரம் எடுக்கும். பாட்டு முடிந்து ஐந்தாறு விநாடி தள்ளி வைப்பது நல்லது. பிறகு மெனுவில் ஆடியோ டிப்போ போய், எக்ஸ்போர்ட் மாஸ்டர் கொடுத்தால், ஆடியோ டிப்போ என்ற பெயருள்ள ஃபோல்டரில் வேவ் (சுருக்கப்படாத ஒலி) ஃபைல் வந்து உட்காரும். கணினி தொட வேண்டியது அந்த ஃபோல்டரை மட்டும்தான். பக்கத்தில் இருக்கும் மியூசிக் ஃபோல்டருக்குள் கை வைக்கக் கூடாது. அங்கே ஒன்றின் பெயரை மாற்றினாலோ அழித்தாலோ ரெக்கார்டரில் பாட்டு திறக்காமல் போகலாம்.

ஸூமில் எக்ஸ்போர்ட் என்ற படியே தேவையில்லை. மாஸ்டர் ட்ராக்கைப் பதிவு நிலையில் வைத்து பாட்டை ஓடவிட்டால், அந்த ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் ஆடியோ ஃபோல்டரில் வேவ் ஃபைலாகவே சேர்ந்துவிடும். அவசர வேலைக்கு இதுவே கைக்கு இசைவானது. இங்கேயும் பெயர் மாற்றுவதைக் கணினிக்கு நகலெடுத்த பிறகு, நகலில் மட்டும் செய்ய வேண்டும். புது மிக்ஸ் எடுத்தால் பழைய மாஸ்டர் மறைந்துவிடுகிற கருவிகளும் உண்டு. பாடகர் "குரலை இன்னும் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்வதற்கு முன்பே முதல் மிக்ஸை வெளியே எடுத்து வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

அளவு விஷயத்தில் அடம்பிடித்தே ஆக வேண்டும். தவில், பம்பை, பறை இவற்றின் உச்சம் கண்ணிமைக்கும் நேரம்தான். மீட்டரில் சிவப்பு தெரிவதற்குள் வெட்டுப்பட்டிருக்கும். மீட்டரின் உச்ச எல்லை பூஜ்யம். தனி ட்ராக்குகள் 24 பிட்டில் (16 பிட்டைவிட நுணுக்கமாக ஒலியை எண்ணாக்கும் அமைப்பு) -12 டெசிபல் பக்கம் உச்சம் தொட்டால் போதும், மாஸ்டர் -3 டெசிபலைத் தாண்ட வேண்டாம். சத்தம் குறைவாகத் தோன்றும். அதைக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். பூஜ்யத்தில் வெட்டுப்பட்ட அலையை எந்த மென்பொருளாலும் முழுதாகத் திருப்ப முடியாது. ரெக்கார்டரின் மாஸ்டரிங் பகுதியிலும் கம்ப்ரஸர் (உச்சங்களை அமுக்கும் வசதி), கணினியிலும் கம்ப்ரஸர் என்று இரண்டு தடவை நசுக்குவதும் கூடாது. எங்காவது ஓர் இடம். கணினியில் செய்வதே மேல், ஏனென்றால் அங்கே பின்வாங்கலாம்.

சாம்பிள் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து எண்ணாக்குவது என்பதை, ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஸூம் ஆர்16 ரெக்கார்டராக ஓடும்போது 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். டாஸ்காமில் 44.1, 48 இரண்டும் உண்டு. 48-ல் பதிவான ஃபைலை 44.1 என்று நினைத்து இழுத்துக்கொள்ளும் ப்ராஜெக்டில் 5 நிமிடப் பாட்டு 5 நிமிடம் 26 விநாடியாக நீளும். 5 கட்டை சுருதியில் பாடியது நாலரைக் கட்டைக்கும் 4 கட்டைக்கும் நடுவில் தொங்கும். நாதஸ்வரக்காரர் கேட்டவுடன் கண்டுபிடித்துவிடுவார், மற்றவர்களுக்கு ஏதோ சோர்வாக இருப்பதாக மட்டும் படும். பாட்டின் நீளத்தை ரெக்கார்டர் திரையிலும் கணினியிலும் ஒப்பிட்டாலே இது வெளிச்சமாகிவிடும்.

ஃபைலின் எடையும் அப்படியே ஒரு சாட்சி. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ என்றால் 5 நிமிடத்துக்குச் சுமார் 50 எம்பி, 24 பிட் என்றால் சுமார் 76 எம்பி. அதைவிடக் கணிசமாகக் குறைந்தால் நகல் பாதியில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். முழு உறுதி வேண்டுமானால் கார்டில் உள்ளதையும் கணினியில் உள்ளதையும் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் இரண்டு ட்ராக்காகப் போட்டு, ஒன்றின் அலையை இன்வெர்ட் (தலைகீழ்) செய்து இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். முழு நிசப்தம் வந்தால் இரண்டும் ஒன்றே.

கார்டு 32 ஜிபிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேற்பட்டவை வேறு வகை ஃபார்மேட்டில் வருகின்றன. இந்தத் தலைமுறை ரெக்கார்டர்கள் ஏற்காது. ஃபார்மேட் செய்வது எப்போதும் ரெக்கார்டரில், கணினியில் அல்ல. யூஎஸ்பி ஒயரா, கார்டைக் கழற்றி ரீடரா என்று கேட்டால் ரீடர் என்பதே என் தீர்ப்பு. வேகமும் கூடுதல், ஒயரின் இழுப்பில் போர்டில் இருக்கும் சாக்கெட் நாளடைவில் ஆட ஆரம்பித்தால் அதைச் சரிசெய்வது பெரிய வேலை, ரீடர் கெட்டால் டவுன்ஹால் ரோட்டில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். கார்டு துளையில் புழுதி போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் நம் பொறுப்பு; பங்குனி, சித்திரையில் மண்டபங்களில் பறக்கும் செம்மண் தூசி சாதாரணமல்ல. கணினியிலிருந்து எஜெக்ட் கொடுக்காமல் எதையும் உருவ வேண்டாம்.

மின்வெட்டு தனிக் கவலை. பல ரெக்கார்டர்கள் பாட்டின் விவரங்களைப் பாட்டு மாறும்போதோ முறைப்படி அணைக்கும்போதோதான் கார்டில் எழுதும். அடாப்டரில் ஓடுகிறபோது கரண்ட் போனால் கடைசியாகச் செய்த வேலை போய்விடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் மிக்ஸ் வேலை வைக்காதீர்கள். அடாப்டர் மட்டுமே உள்ள கருவிக்குச் சின்ன யூபிஎஸ் கட்டாயம். பேட்டரி போடுகிற கருவியில் அடாப்டர் செருகியிருந்தாலும் பேட்டரியை உள்ளே வைத்திருங்கள்.

மாஸ்டரோடு தனி ட்ராக்குகளையும் கணினிக்கு எடுத்து வைத்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். 5 நிமிடப் பாட்டுக்கு எட்டு ட்ராக், 24 பிட்டில், சுமார் 300 எம்பிதான். ஆனால் ஒரு சிக்கல்: இரண்டாவது சரணத்தில் மட்டும் புகுத்திய குலவை, அந்த இடத்திலிருந்து தொடங்கும் ஃபைலாக இருக்கும். கணினியில் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்தால் குலவை பல்லவியிலேயே கேட்கும். இடைச்சேர்க்கையாக இருந்தாலும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே பதிவு ஓடவிடுவது இதற்கு எளிய வழி.

பழைய நாலு ட்ராக் கேசட் பதிவுகளுக்கு வழி வேறு. 1979-ல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144 சாதாரண கேசட்டின் முழு அகலத்தையும் ஒரே திசையில் நாலு ட்ராக்காகப் பயன்படுத்தியது. வேகமும் விநாடிக்கு 9.5 செ.மீ., வழக்கமான 4.76-க்கு இரு மடங்கு. அப்படிப்பட்ட கேசட்டைச் சாதாரண டெக்கில் போட்டால் இரண்டு ட்ராக் மட்டும், ஒரு ஸ்தாயி கீழே, இழுத்து இழுத்துக் கேட்கும். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் தலைகீழாக ஓடும். அதே வகை மெஷின் கிடைத்தால் நாலையும் ஒரே ஓட்டத்தில், ஹெட்போன் துளையை விட்டு லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்பேஸின் (ஒலியை எண்ணாக்கிக் கணினிக்குக் கொடுக்கும் பெட்டி) லைன் இன்னுக்கு எடுங்கள். இரண்டு ஓட்டமாக எடுத்தால் நாடா வேகம் மாறி மாறி ஓடுவதால் தாளம் நடுவில் பிசகும். டிபிஎக்ஸ் இரைச்சல் நீக்கம் போட்டுப் பதிவானதை அது இல்லாமல் கேட்டால் ஒலி மூச்சு வாங்கும். அதற்கும் அதே வசதி வேண்டும்.

திருவிழாவுக்கு ரேடியோ செட்காரரிடம் கொடுப்பதானால் மாஸ்டரை அப்படியே கொடுக்காதீர்கள். 24 பிட்டிலிருந்து 16-க்கு டிதர் (பிட் குறைப்பின் கரகரப்பை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) போட்டு ஒரே தடவை இறக்கி, அதிலிருந்து 320 கேபிபிஎஸ் எம்பி3 எடுங்கள். குழாய் ஸ்பீக்கர் மோனோதான். கணினியில் மோனோ பட்டனை அழுத்திக் கேட்டு, குரலோ நாதஸ்வரமோ மங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பென் டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருக்கட்டும், ஃபைல் பெயரை 01, 02 என்று எண்ணில் தொடங்குங்கள். பல ஆம்ப்ளிஃபயர்களில் உள்ள பிளேயர் தமிழ் எழுத்தைக் காட்டாது.