முருகன்குறிச்சி படிக்கட்டுக் கடை: டீச்சர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது இந்த டைப்பிங், ஜெராக்ஸ் கடை. போர்டு வெளுத்துப்போய்ப் பெயர் தெரியாது. பி.எட். பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

இங்கே போவதற்கு முந்தைய வருடம் வேறொரு கடையில் அடித்த பயோடேட்டாவை எட்டுப் பள்ளிகளில் கொடுத்தேன். ஒரு போன்கூட வரவில்லை. போன மே மாதம் அதே தாளோடு இங்கே போய், தேதியை மட்டும் மாற்றித் தரச் சொன்னேன். கடைக்கார அண்ணாச்சி முழுவதும் படித்தார். அப்பா பெயர், மதம், ரத்த வகை, மதிப்பெண்கள், கடைசியில் ‘கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்’.

“எம்மா, நேத்து வந்த மூணு பிள்ளைகளும் இதையேதான் எழுதிட்டு வந்தாங்க. நீ பாடம் நடத்துனது ஒண்ணும் இதுல இல்லையே?”

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. பி.எட்.டில் பதினாறு வாரம் பயிற்சிக்குப் போனாயே, எந்த வகுப்பு? எத்தனை பேர்? பிள்ளைகள் எங்கே திணறினார்கள்? நீ என்ன செய்தாய்?

யோசித்துச் சொன்னேன். எட்டாம் வகுப்பு, 38 பேர். ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்றால் ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று மட்டும் எழுதியவர்கள் 22 பேர். சார்ட் அட்டையில் பெரிய சதுரம் ஒன்று வெட்டி, அதை இரண்டு சதுரம், இரண்டு செவ்வகம் என்று பிரித்துக் கையில் கொடுத்தேன். விட்டுப்போன 2ஏபி அந்த இரண்டு செவ்வகமும்தான் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அடுத்த வாரத் தேர்வில் தப்புச் செய்தவர்கள் நான்கு பேர்.

இதை நான்கே வரியில் முதல் பக்கத்தின் மேலே வைத்தார். கீழே டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள், மதிப்பெண், தேர்ச்சி பெற்ற வருடம். டெட் சான்றிதழ் ஏழு வருடம்தான் செல்லும் என்ற விதியை 2021லேயே எடுத்துவிட்டார்கள், இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும் என்பதை நினைவுபடுத்தினார். எனக்கு அந்தப் பயம் இருந்தது. மதம், ரத்த வகை எல்லாம் எடுத்துவிட்டார். விண்ணப்பப் படிவத்தில் கேட்டால் அங்கே நிரப்பினால் போதுமாம்.

இந்த முறை ஐந்து பள்ளிகளுக்கு விண்ணப்பித்தேன், ஐந்துக்கும் தனித்தனிக் கடிதம். எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது, அவர் விடவில்லை. சிபிஎஸ்இ பள்ளிக்கு எழுதும்போது, அங்கே நடத்துகிற என்சிஇஆர்டி எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் படித்துவிட்டு வா என்று வீட்டுக்கே அனுப்பிவிட்டார். மறுநாள் போய்த்தான் அந்தக் கடிதம் முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை வருகிறது. ‘பெடகாஜி’ (கற்பிக்கும் முறை) என்ற சொல் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தது. பிரிண்ட் போடுமுன் நாமே வரிவரியாகப் பார்க்க வேண்டும். தமிழ்க் கடிதத்தைப் பழைய வானவில் எழுத்துருவில் அடிக்கிறார். வேர்ட் கோப்பாக மெயில் அனுப்பினேன், அந்த எழுத்துரு இல்லாததால் பள்ளியில் திறந்தால் வெறும் கிறுக்கல். அன்று மாலையே பிடிஎஃப் ஆக்கித் தந்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. நீங்கள் முதலிலேயே பிடிஎஃப் கேளுங்கள். மே கடைசியில் கூட்டம் நெருக்கும். இரண்டு மணி நேரம் நின்றேன்.

டைப்பிங் பக்கத்துக்கு 40 ரூபாய், ஜெராக்ஸ் 2 ரூபாய். ஐந்து செட்டுக்கும் சேர்த்து ஐந்நூறைத் தாண்டவில்லை. ஒவ்வொரு செட்டையும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி, பி.எட்., டெட் என்று வரிசைப்படி அடுக்கிக் கொடுப்பார். ஒரிஜினலைக் காட்டு, கையில் விட்டுவிட்டு வராதே என்றும் சொல்லி அனுப்புவார். என் தோழியின் பி.எட். சான்றிதழை ஒரு பள்ளி எட்டு மாதம் வைத்துக்கொண்டதைப் பார்த்தவள் நான், அதனால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

ஐந்தில் மூன்று பள்ளிகள் கூப்பிட்டன. இரண்டில் முதல்வர் கேட்ட முதல் கேள்வியே அந்தச் சார்ட் அட்டையைப் பற்றித்தான். ஒருவர், “டெமோ கிளாஸுக்கு அதையே எடுத்துட்டு வாங்க” என்றார். எடுத்துக்கொண்டு போனேன். ஜூனிலிருந்து அங்கேதான் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன்.

போகிறவர்கள் பயிற்சிக் கால ரெக்கார்டு நோட்டையும் எடுத்துப் போங்கள், அண்ணாச்சி கேட்பார். ஞாயிறு விடுமுறை.