டிசிசி-இஎக்ஸ்: நீள வளவுக்கு ஏற்ற மாடல் ரயில் கட்டுப்பாடு

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் வளவைச் (முற்றமுள்ள நடுக்கட்டு) சுற்றி 20 மீட்டர் மாடல் ரயில் தண்டவாளம் தாராளமாகப் போடலாம். பழைய டிசி கன்ட்ரோலரில் ஒரே பாதையில் நிற்கும் இரண்டு எஞ்சின்களும் சேர்ந்தேதான் நகரும். டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். எந்த எஞ்சினுக்கு என்ன கட்டளை என்பதும் அதே மின்சாரத்தில் சேர்ந்து போகும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

ரோக்கோ, டிஜிட்ராக்ஸ் போன்ற நிறுவனங்களின் ஆயத்த டிசிசி கருவிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருப்பதால், ஆர்டுயினோ போர்டில் நாமே அமைத்துக்கொள்ளும் டிசிசி-இஎக்ஸ் இங்கே நல்ல மாற்று. மென்பொருள் இலவசம். ஆர்டுயினோ மெகா 2560, அதன் மேல் சொருகித் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும், எல்298 சிப் உள்ள ஆர்டுயினோ மோட்டார் ஷீல்டு, இஎஸ்பி8266 வைஃபை போர்டு, இரண்டு அடாப்டர்கள் இருந்தால் போதும்.

எல்298 சுமார் 2 வோல்ட் விழுங்கிவிடும். 12 வோல்ட் அடாப்டர் கொடுத்தால் தண்டவாளத்தில் 10தான் மிஞ்சும், எஞ்சின் சோம்பி ஓடும். எச்ஓ (1:87) அளவு எஞ்சின்களுக்கு 14 வோல்ட் டிசி கொடுங்கள். ஆனால் ஷீல்டின் பின்புறம் உள்ள "வின் கனெக்ட்" இணைப்பைக் கத்தியால் கீறித் துண்டிக்காமல் கொடுக்காதீர்கள். துண்டிக்காவிட்டால் அந்த 14 வோல்ட் மெகாவுக்கும் ஏறி, அதன் ரெகுலேட்டர் கொதித்துப் போகும். கீறிய பிறகு மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைத்து இரண்டு பக்கமும் தொடுங்கள். சத்தம் வரக்கூடாது. மெகாவுக்குத் தனியாக 7 முதல் 9 வோல்ட் போதும். இஎஸ்பி8266 சிப் 3.3 வோல்ட்டில் இயங்குவது. ரெகுலேட்டர் இல்லாத சின்னப் போர்டு வாங்கினால் 5 வோல்ட்டில் சொருகாதீர்கள்.

இந்த முறையைக் குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் ஒயரிங்கில் கோட்டை விட்டவர்கள். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினரை மின்பாதையாக நம்பவே கூடாது. அடியில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒரு ஜோடி ஓட வேண்டும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் ஒயரே போதும். அதிலிருந்து மீட்டருக்கு ஒரு முறை 0.5 சதுர மில்லிமீட்டர் கிளை ஒயரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் சால்டர் செய்யுங்கள். 10 மீட்டர் தள்ளி 2 ஆம்பியர் இழுத்தாலும் மெயின் ஒயரில் இழப்பு சுமார் 0.3 வோல்ட்தான்.

பிறகு நாணயச் சோதனை. ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே, ஒவ்வொரு மீட்டரிலும் வைத்துப் பாருங்கள். வைத்த கணமே ஷார்ட் ஆகி மின்சாரம் நிற்க வேண்டும். எங்காவது நிற்காமல் நாணயம் சுட்டால் அங்கே கிளை ஒயர் குறைவு. எஞ்சின் தடம் புரளும் நாளில் டிகோடர் கருகுவது அந்த இடத்தில்தான்.

வளவின் முற்றத்து வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 10 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம், வெப்பம் 20 டிகிரி ஏறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். எல்லா ஜாயினரையும் சால்டர் வைத்து இறுக்கினால் நண்பகலில் பாம்பாக வளையும். இரண்டு மீட்டருக்கு ஒரு ஜாயினரைச் சால்டர் வைக்காமல், முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியோடு விடுங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நேரடியாகத் தண்டவாளம் போடவே வேண்டாம். பளபளப்புக்காகத் துடைத்த எண்ணெய் தூசியோடு சேர்ந்து சக்கரத்தில் கறுப்புப் படலமாக ஒட்டும். டிசியில் எஞ்சின் லேசாகக் குலுங்குவதோடு போகும். டிசிசியில் மின்சாரம் விட்டுவிட்டு வந்தால் டிகோடர் அணைந்து மறுபடி தொடங்கும், ஒலி டிகோடரில் எஞ்சின் சத்தம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். 12 மில்லிமீட்டர் பிளைவுட் மேல் பாதையை ஏற்றுங்கள். சக்கரத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புக் காகிதம் கீறல் போடும், அழுக்கு அதில் இன்னும் சீக்கிரம் தங்கும்.

டிகோடரின் அமைப்பை மாற்றப் பயன்படும் புரோகிராமிங் தண்டவாளம் தனி வெளியீடாக வருவது இதில் பெரிய வசதி. புது எஞ்சினின் எண் 3 ஆகத்தான் இருக்கும். அதைச் சிவி 1-இல் (சிவி என்பது டிகோடரில் உள்ள ஒவ்வோர் அமைப்பின் எண்) மாற்றிக்கொள்ளலாம், சிவி 3, 4 வேகம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொள்ளும். சிவியைப் படிக்கும்போது டிகோடர் 60 மில்லிஆம்பியர் துடிப்பால்தான் பதில் சொல்லும். பதில் வராவிட்டால் முதலில் சக்கரத்தைத் துடையுங்கள். அமைப்பு குழம்பிவிட்டால் பெரும்பாலான டிகோடர்களில் சிவி 8-இல் 8 எழுதினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ரயிலை ஓட்டுவது போனிலிருந்து, வைஃபை வழியாக: ஆண்ட்ராய்டு போனில் எஞ்சின் டிரைவர் செயலி, ஐபி 192.168.4.1, போர்ட் 2560. வேலை முடிந்தது. ஆனால் இந்த வீடுகளின் சுவர் தடிமன். கமாண்ட் ஸ்டேஷனை (மெகாவும் ஷீல்டும் சேர்ந்த பெட்டி) அறைக்குள் பூட்டினால் வளவில் வைஃபை அறுந்து அறுந்து வரும். அதை வளவிலேயே தூணோரம் வையுங்கள்.

குறையும் உண்டு. இந்த ஷீல்டு 2 ஆம்பியருக்கு மேல் தாங்காது. மூன்று, நான்கு எச்ஓ எஞ்சின்கள் ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் தரும் இஎக்ஸ்-மோட்டார்ஷீல்டு8874-க்கு மாறுங்கள். கையில் திருக ஒரு குமிழ் கிடையாது, பெரியவர்களுக்குத் தொடுதிரை பிடிபட நாளாகும். சால்டரிங் இரும்பே தொடாதவர்கள் ஆயத்த கருவி வாங்குவதே நல்லது.

மீட்டர்கேஜ் காலத்துக் காரைக்குடி சந்திப்பை 1:87 அளவில் செய்ய நினைப்பவர்களுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். அதற்கும் இதே பெட்டி, இதே ஒயரிங்தான்.