ஆர்மி என்.ஏ.வா, ஏர்ஃபோர்ஸ் மெடிக்கல் அசிஸ்டென்ட்டா?

அக்கா மகன் உயிரியல் பிரிவில் ப்ளஸ் டூ முடித்திருக்கிறான். போன வாரம் வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டான், "மாமா, ஆர்மியில் நர்சிங் அசிஸ்டென்ட்டா, ஏர்ஃபோர்ஸில் மெடிக்கல் அசிஸ்டென்ட்டா, எதுக்குப் போகலாம்?" வேலூர் மாவட்டத்தில் இது வருடா வருடம் எழும் கேள்விதான். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர்களும் இங்கே உண்டு. நான் 2000-ல் ஆர்மி மெடிக்கல் கோரில் (ஏ.எம்.சி.) நர்சிங் அசிஸ்டென்ட்டாக, சுருக்கமாக என்.ஏ.வாகச் சேர்ந்து 24 வருடம் முடித்து ஹவில்தாராக வெளியே வந்தவன். என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஏர்ஃபோர்ஸுக்குப் போனான். அதனால் ஆர்மியைப் பற்றிச் சொல்வதெல்லாம் நான் பட்டது, ஏர்ஃபோர்ஸைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி அவன் சொல்லிக் கேட்டது. படிக்கிறவர்கள் அதற்குத் தகுந்தபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டுக்கும் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன். ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வேண்டும், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். இரண்டும் திருமணமாகாத ஆண்களுக்குத்தான். (பெண் பிள்ளைகள் மிலிட்டரி நர்சிங் சர்வீஸைப் பாருங்கள். அது அதிகாரி வேலை, பாதையே வேறு.) சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அடிப்படை 21,700, அதோடு மிலிட்டரி சர்வீஸ் பே 5,200, அப்புறம் படிகள். ஆர்மியில் தமிழ்நாட்டுப் பையனுக்கு 165 செ.மீ. உயரம் கேட்பார்கள், ஏர்ஃபோர்ஸில் 152 சொச்சம் இருந்தால் போதும். உயரம் குறைவான பையனுக்கு இந்தக் கேள்வி இங்கேயே முடிந்துவிடும்.

இன்னொரு பொதுவான விஷயம் பல பேருக்குத் தெரியாமல் இருக்கிறது. 2022-ல் அக்னிபத் வந்த பிறகு, பட்டாளம் என்றாலே நாலு வருடம்தான் என்று நினைத்து மருத்துவப் பிரிவு பக்கமே திரும்பாமல் போகிற பையன்களைப் பார்க்கிறேன். இந்த இரண்டு வேலைகளும் அக்னிவீர் கணக்கில் வராமல் பழைய மாதிரியே நிரந்தர வேலையாக, ஓய்வூதியத்தோடு இருக்கின்றன. உயிரியல் படித்த பையன் ஜி.டி. (ஜெனரல் டியூட்டி, சாதாரண சிப்பாய்) வரிசையில் போய் நிற்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொண்டு நிற்கட்டும்.

சரி, பயிற்சிக் காலத்து வாழ்க்கை. இதில் ஏர்ஃபோர்ஸ்தான் நல்லது, சந்தேகமே வேண்டாம். அடிப்படைப் பயிற்சி பெலகாவியில். மழை பெய்தாலும் உடம்பு தாங்குகிற ஊர். அப்புறம் தொழில் பயிற்சி பெங்களூரில், காட்பாடியிலிருந்து சில மணி நேர ரயில். என் நண்பனின் அம்மா புளியோதரை கட்டிக்கொண்டு போய் மகனைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரியே திரும்பியிருக்கிறார். என் அம்மா நான் பயிற்சி முடிக்கும் வரை ஒரு தடவைகூட வரவில்லை. வர முடியாது, லக்னோவுக்கு இரண்டு நாள் ரயில்.

ஆர்மி என்.ஏ.வுக்கு எல்லாமே லக்னோ ஏ.எம்.சி. சென்டரில்தான். முதலில் மாதக்கணக்கில் ராணுவப் பயிற்சி, அதற்குப் பிறகுதான் புத்தகமும் வார்டும். நீண்ட பேரக்கில் வரிசையாகக் கட்டில், கட்டிலுக்குக் கீழே பெயரும் நம்பரும் எழுதிய கறுப்புப் பெட்டி, கொசுவலை. நாலு மணிக்கு விசில். மே மாதத்தில் லூ என்று ஒரு அனல் காற்று அடிக்கும், சட்டை உப்புப் பூத்துக் காய்ந்து பலகை மாதிரி நிற்கும். டிசம்பரில் பனிமூட்டத்தில் எதிரே நிற்கிற உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) முகம் தெரியாது, அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் முகம் மழித்துவிட்டு ஃபாலினுக்கு (வரிசையில் நிற்க) ஓட வேண்டும். லங்கரில் ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு. சோறும் உண்டு, ஆனால் நம் வீட்டுச் சோறு கிடையாது. முதல் இரண்டு மாதம் பசியைவிட சாம்பார் நினைப்புதான் அதிகமாக வாட்டியது. என் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் நாற்பது பேருக்குப் பின்னால் நின்று மூன்று நிமிடம் வீட்டோடு பேசுவோம்.

இதெல்லாம் பழகிவிடும். என்னை உண்மையிலேயே அழ வைத்தது இந்திதான். பாடம் இந்தியிலும், மருத்துவச் சொற்கள் ஆங்கிலத்திலும் கலந்து வரும். எலும்பின் பெயர் எனக்குத் தெரியும், அதைப் பற்றி உஸ்தாத் கேட்கிற கேள்விதான் புரியாது. தெரிந்த பாடத்துக்கே எழுந்து நின்று தண்டனை வாங்கியிருக்கிறேன். பக்கத்துக் கட்டில் பீகார் பையன் ராத்திரி அரை மணி நேரம் எனக்கு இந்தி சொல்லிக் கொடுத்தான், நான் அவனுக்கு ஆங்கிலச் சொற்களை எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேரும் பாஸ் ஆனோம். அக்கா மகனிடம் நான் முதலில் சொன்னது இதுதான்: ஓட்டம் நீயே ஓடிப் பழகிவிடுவாய், கிளம்புவதற்கு முன்னால் ஆறு மாதம் இந்தி படி.

இவ்வளவு கஷ்டம் சொல்லிவிட்டு, ஆர்மிக்குப் போ என்று ஏன் சொல்கிறேன்? ஒரே காரணம்தான். கையில் தொழில் நிற்க வேண்டும்.

மெடிக் வேலை சைக்கிள் ஓட்டுவது மாதிரி கிடையாது. விட்டால் போய்விடும். ஊசி போடுவது, ஐ.வி. லைன் ஏற்றுவது, டூர்னிக்கெட் கட்டுவது, மூச்சு எண்ணுவது, இந்த நாலு பேரில் யாரை முதலில் தூக்குவது என்று ஒரு பார்வையில் முடிவெடுப்பது, எல்லாமே தினமும் செய்தால்தான் கையில் இருக்கும். பயிற்சி மையத்தில் ரப்பர் கையில் நூறு தடவை ஊசி குத்தலாம். ரத்த அழுத்தம் இறங்கி நரம்பு ஒட்டிப்போன ஆளின் கையில் முதல் தடவையே லைன் ஏற்றுகிற பழக்கம் வார்டில் மட்டும்தான் வரும்.

ஆர்மியில் என்.ஏ.வின் வாழ்க்கை இரண்டு இடத்துக்கும் மாறி மாறிப் போகும். ஒரு போஸ்டிங் ஃபீல்டில், பட்டாலியனோடு அல்லது ஃபீல்டு ஆம்புலன்ஸில் (வண்டி இல்லை, களத்து மருத்துவ யூனிட்டின் பெயர்). அடுத்தது மிலிட்டரி ஆஸ்பத்திரியில். ஃபீல்டில் அடிபட்டவன் முதலில் வருவது ரெஜிமென்ட்டல் எய்டு போஸ்டுக்கு, அங்கிருந்து அட்வான்ஸ்டு டிரெஸ்ஸிங் ஸ்டேஷன், அடுத்து ஃபார்வர்டு சர்ஜிகல் சென்டர், அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி. இந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணியிலும் ஒரு என்.ஏ. நிற்கிறான். ஆஸ்பத்திரி என்று எடுத்தால் சென்னை, வெலிங்டன் மாதிரி எம்.எச்.கள், லக்னோ, புனே, கொல்கத்தா, சண்டிமந்திர், உதம்பூர் கமாண்ட் ஆஸ்பத்திரிகள், டெல்லியில் ஆர் அண்ட் ஆர் என்கிற ஆர்மி ஆஸ்பத்திரி. ஏதாவது ஒரு வார்டில் இரண்டு மூன்று வருடம் நின்றே ஆக வேண்டும். நோயாளியை விட்டுக் கை விலகவே விலகாது.

இதன் அருமை எனக்குப் புரிந்தது 2008-ல், லடாக்கில். பதினைந்தாயிரம் அடிக்கு மேலே ஒரு போஸ்ட். டாக்டர் கீழே, மேலே மருத்துவம் தெரிந்தவன் என்று நான் ஒருவன். அவ்வளவு உயரத்துக்கு ஏறுகிற ஒவ்வொருவனையும் கட்டம் கட்டமாகப் பழக்கித்தான் அனுப்புவார்கள்: 9,000 அடியில் ஆறு நாள், 12,000-ல் நாலு நாள், 15,000-ல் இன்னொரு நாலு நாள். அப்படிப் பழகி வந்த ஒரு பையனுக்கே அன்று ராத்திரி இருமல் வந்தது. சளி என்றுதான் அவனும் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன், படுத்திருக்கிறவனுக்கு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டியது. முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் அடியில் நறநறவென்று சத்தம். ஹேப்போ, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தம் எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு முந்தைய போஸ்டிங்கில் இரண்டு வருடம் மெடிக்கல் வார்டில் ராத்திரி டியூட்டி பார்த்தபோது, நுரையீரலில் நீர் கோத்த இதய நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம் அது. வயர்லெஸில் டாக்டரிடம் சொன்னேன், ஆக்ஸிஜன் கொடுத்து, அவர் சொன்ன மாத்திரையைக் கொடுத்து, ஹேப்போ பையில் படுக்க வைத்து ஜிப்பை இழுத்து மூடினோம். உள்ளே காற்றழுத்தம் ஏறினால், அவன் சில ஆயிரம் அடி கீழே இறங்கின மாதிரி. ஆனால் காலால் பம்பை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு பேர் மாற்றி மாற்றி விடியும் வரை மிதித்தோம். காலையில் ஹெலிகாப்டர் வந்து எடுத்துக்கொண்டு போனது. பிழைத்துக்கொண்டான். வார்டுக்குப் போகாமல் நேரே அந்த போஸ்டுக்கு ஏறியிருந்தால் நானும் சளி என்று நினைத்து மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொல்லியிருப்பேன். இதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

என் நண்பன் வேலை பார்த்ததெல்லாம் ஏர்ஃபோர்ஸ் நிலையங்களில், ஸ்டேஷன் மெடிகேர் சென்டரில். காலையில் சிக் பரேட் (உடம்பு சரியில்லாதவர்களைப் பார்ப்பது), குடும்பத்தினருக்கு மருந்து, பைலட்டுகளுக்கு மருத்துவப் பரிசோதனை, விமானம் பறக்கும் நேரமெல்லாம் ஓடுபாதை ஓரத்தில் கிராஷ் ஆம்புலன்ஸில் காத்திருப்பது. அந்தக் காத்திருப்பும் கடமைதான், அவசரம் என்று வந்தால் பெரிய அவசரமாகத்தான் வரும். ஆனால் வருடக்கணக்கில் ஒன்றும் நடக்காது, கை மறந்து போகிறது என்று அவனே சொல்வான். அவன் பெங்களூர் கமாண்ட் ஆஸ்பத்திரியிலோ கோயம்புத்தூர் ஏர்ஃபோர்ஸ் ஆஸ்பத்திரியிலோ இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிகள் எண்ணிக்கையில் குறைவு. எனக்குக் கட்டாயமாக வந்த வார்டு அனுபவம் அங்கே அதிர்ஷ்டத்தில்தான் வரும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு கனமான விஷயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஏர்ஃபோர்ஸில் முதல் ஒப்பந்தமே 20 வருடம், அப்புறம் நீட்டிப்பு கிடைத்தால் 57 வயது வரைகூடப் போகலாம். ஆர்மியில் 15 வருடம் முடித்தால் ஓய்வூதியம் உறுதி, ஆனால் பெரும்பாலோர் நாற்பதுகளின் தொடக்கத்தில் வெளியே வந்துவிடுவோம். பிள்ளைகள் பத்தாவது படிக்கும்போது அடுத்த வேலை தேட வேண்டும். அப்போது என்ன காகிதம் கையில் இருக்கிறது என்பதுதான் பேச்சு.

நான் வெளியே வந்ததும் ஒரு தனியார் மருத்துவமனையில் கேட்டேன். ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) இருக்கிறதா, நர்சிங் கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. ஐ.சி.யூ.வில் நின்ற வருடங்களைச் சொன்னேன், வார்டு உதவியாளர் சம்பளம் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டேன். ராணுவத்தின் என்.ஏ. பயிற்சி உங்களைப் பதிவு பெற்ற நர்ஸ் ஆக்காது. ஏர்ஃபோர்ஸ் பயிற்சிக்கும் இதே கதிதான். ஆனால் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குகளில் நர்சிங் அசிஸ்டென்ட் ஒப்பந்த வேலைக்கு ஜி.என்.எம். அல்லது படையில் கிளாஸ் ஒன் (தொழில் தரத்தில் மேல்படி) நர்சிங் அசிஸ்டென்ட் கோர்ஸ், அதோடு ஐந்து வருட அனுபவம் என்றுதான் கேட்கிறார்கள். லேப், பிசியோதெரபிக்கும் அதே மாதிரி படையின் கிளாஸ் ஒன் செல்லும். ஆகவே சேர்ந்த நாளிலிருந்து கிளாஸ் ஒன்தான் குறி. முடிந்தால் ஆபரேஷன் தியேட்டர், லேப், ரேடியோகிராபி என்று ஏதாவது ஒரு ஸ்பெஷலிஸ்ட் கோர்ஸ். ஆஸ்பத்திரிகள் அதிகம் என்பதால் ஆர்மியில் அந்த வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. நான் அந்தக் கோர்ஸை, லீவு போய்விடும் என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டேன். என்னோடு பயிற்சி முடித்து ரேடியோகிராபி போனவன் இன்று எக்ஸ்ரே, சி.டி. பார்த்து நல்ல சம்பளத்தில் இருக்கிறான்.

கடற்படையிலும் எஸ்.எஸ்.ஆர். மெடிக்கல் என்று இதே படிப்புக்கு நிரந்தர வேலை உண்டு. பயிற்சி ஒடிசாவில் ஐ.என்.எஸ். சில்காவில் தொடங்கும். என் வட்டத்தில் அதற்குப் போனவர் யாரும் இல்லை என்பதால் அதை ஒப்பிட்டு எழுதவில்லை.

அக்கா மகன் மூன்றுக்கும் விண்ணப்பிக்கட்டும். இரண்டு கைக்கு வந்தால் லக்னோவுக்குப் போகச் சொல்வேன். குடும்பத்தோடு நகரத்தில் இருக்க வேண்டும், நீண்ட நாள் சர்வீஸ் வேண்டும், அதுதான் முக்கியம் என்று நினைக்கிற பையன் ஏர்ஃபோர்ஸுக்கே போகலாம், அதில் தப்பில்லை. எங்கே போனாலும் முடிக்கிற ஒவ்வொரு கோர்ஸும், கிளாஸும், பார்ட் டூ ஆர்டரில் (சர்வீஸ் பதிவுக்கான உத்தரவு) ஏறியிருக்கிறதா என்று அந்த மாதமே கிளார்க்கிடம் கேட்டுப் பார்த்துவிடு, நகலை எடுத்து வீட்டுக்கு அனுப்பி வை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதாமல் விட்டுப்போன ஒரு கோர்ஸை ஏற்ற, லக்னோ ரெக்கார்டு ஆபீஸுக்கு நான் எட்டு மாதம் கடிதம் எழுத வேண்டியிருந்தது.