வேளச்சேரி வாடகை வீடு, எட்டு மழைக்காலத்துக்குப் பிறகு: என் சண்டை சம்ப் மூடியோடு

எங்கள் கட்டடத்தில் தரைத்தள வீடு ஒன்று காலியாகிறது. மாடி வீட்டைவிட மாதம் 3,000 ரூபாய் குறைவு. எடுக்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டின் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பாதி ஸ்டில்ட் பார்க்கிங் (தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்துமிடம்), பின்பாதி தரைத்தள வீடுகள், மேலே இரண்டு மாடி. வேளச்சேரியில் பார்க்கும் தெருவெல்லாம் இப்படித்தான் இருக்கும். பறக்கும் ரயில் நிலையம் நடக்கிற தூரம், விஜயநகர் போனால் எந்தத் திசைக்கும் பஸ். கோடையில் சாயங்காலமானால் கடல்காற்று கூடம் வரைக்கும் வரும். இதில் எதற்கும் மதிப்பெண் குறைக்க மாட்டேன். வருடத்தில் பத்து மாதம் இது நல்ல வீடு.

என் சண்டை ஒரே ஒரு பொருளோடு. ஸ்டில்ட் தரையில் இருக்கும் சம்ப்பின், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின், இரும்பு மூடி. இரண்டடிக்கு இரண்டடி, தரையோடு தரையாகப் பதித்தது.

அது ஏன் தரைமட்டத்தில் இருக்கிறது என்றால், அதன் மேல் கார் நிற்க வேண்டும். மூடியைச் சுற்றித் திண்டு கட்டி உயர்த்தினால் ஒரு கார் நிறுத்தும் இடம் போய்விடும். இந்தக் கட்டடம் எழும்பியபோது ஸ்டில்ட் தெருவைவிட உயரமாகத்தான் இருந்திருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டதில் தெரு ஏறிவிட்டது, ஸ்டில்ட் பள்ளமாகிவிட்டது. ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் முதலில் தண்ணீர் நிற்கும் இடம் அந்த மூடியின் மேல்தான்.

தண்ணீர் வந்த வேகத்தில் வடிந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். வேளச்சேரியில் அப்படி வடியாது. வீராங்கல் ஓடைத் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டுப் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். புயல் நேரத்தில் கடல்மட்டமே ஏறி நிற்பதால் முகத்துவாரம் தண்ணீரை வாங்குவதில்லை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்தபோது நடந்தது இதுதான். புயல் 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்துவிட்டது. இங்கே பல தெருக்களில் அதற்குப் பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது.

இப்போது கணக்குப் பாருங்கள். மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் நிமிடத்துக்கு ஒரே ஒரு லிட்டர் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத கசிவு அது. 48 மணி நேரத்தில் 2,880 லிட்டர். ஆறடிக்கு ஆறடி, ஆறடி ஆழச் சம்ப்பின் கொள்ளளவு ஏறக்குறைய 6,100 லிட்டர். அதாவது குடிதண்ணீர்த் தொட்டியில் பாதியளவுக்குச் சாக்கடை கலந்த வெள்ளம் இறங்கியிருக்கும்.

அதற்கு மேல் இன்னொரு கொடுமை இருக்கிறது. மேல்தொட்டியில் மட்டம் குறைந்தால் மோட்டாரைத் தானாகப் போடும் வாட்டர் லெவல் கண்ட்ரோலர். மற்ற நாட்களில் நான் மனதார வாழ்த்தும் கருவி அது. வெள்ளத்தின்போது கரண்ட் மட்டும் இருந்துவிட்டால், சம்ப்பில் கலந்த அழுக்குத் தண்ணீரை யாரையும் கேட்காமல் மேலே ஏற்றி எல்லா வீட்டுக் குழாய்களுக்கும் அனுப்பிவிடும். அப்புறம் சம்ப்பை மட்டும் கழுவினால் போதாது. மேல்தொட்டி, இறங்கு குழாய்கள், வீட்டுக்குள் இருக்கும் வடிகட்டி என்று எல்லாவற்றையும் கழுவ வேண்டும். ஆகவே புயல் எச்சரிக்கை வந்ததும் மேல்தொட்டியை விளிம்புவரை நிரப்பி, கண்ட்ரோலரை மேனுவலுக்கு மாற்றி, மோட்டாரின் எம்சிபியையும் (கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கிவிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான்.

மேல்தொட்டி எத்தனை நாள் தாங்கும்? ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களின் பொதுக் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். 1,000 லிட்டர் தொட்டி இரண்டு நாள்கூட வராது. ஷவரை மறந்து, வாளியும் குவளையுமாக 200 லிட்டரில் நாளை ஓட்டினால் ஐந்து நாள் வரும். ஆனால் எல்லா வீட்டுக்கும் பொதுத் தொட்டி என்றால் ஒரு வீட்டில் கழிவறை ஃப்ளஷ் ஒழுகினாலே எல்லோருக்கும் போச்சு. வீட்டுக்கு வீடு தனி வால்வு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து வையுங்கள்.

சம்ப்பைக் காலியாக விட்டு மழையை எதிர்கொள்வதும் தவறு. நிலத்தடி நீர் மேலே ஏறும்போது காலித் தொட்டியைக் கீழிருந்து தூக்கப் பார்க்கும். அடித்தளமும் சுவரும் சேரும் மூலையில் விரிசல் விழுவது அப்படித்தான். நிறைந்த தொட்டிக்கு அந்த ஆபத்து குறைவு, வெளித்தண்ணீர் உள்ளே இறங்கவும் இடமிருக்காது. மழைக்கு முன் சம்ப்பை நிரப்பி, மூடி விளிம்பில் பியூட்டைல் டேப் (ரப்பர் ஒட்டுப்பட்டை) ஒட்டி, மேலே 200 மைக்ரான் பாலிதீன் விரித்து, சுற்றிலும் மணல்மூட்டை வைப்பது ஒரு தற்காலிக ஏற்பாடு. ஓரிரண்டு நாளுக்குத் தாங்கும், அதற்கு மேல் நம்பக் கூடாது.

நிரந்தரத் தீர்வு ஒன்றும் பெரிய வித்தை இல்லை, எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். மூடியைச் சுற்றி நாலரை அங்குலச் சுவர், இரண்டரை அடி உயரம். 120 செங்கல், ஒரு மூட்டை சிமெண்ட், ஐந்து கன அடி மணல். இருபுறமும் ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் கலவையில் பூச்சு. மூட்டைக்கு 200 மில்லி நீர்த்தடுப்புத் திரவம். ஒரு கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஒரு நாள் வேலை, பிறகு ஏழு நாள் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும். பழைய தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, சிமெண்ட் பால் ஊற்றிய பிறகே முதல் வரிசை செங்கல் வைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சுவருக்கு அடியிலேயே தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

திண்டு கட்டினாலும் பலர் கோட்டைவிடுவது மற்ற ஓட்டைகளில். சம்ப்பின் ஓவர்ஃப்ளோ குழாய் வடிகாலோடு இணைந்திருந்தால் வெள்ளம் அந்த வழியாகவே பின்னோக்கி வரும். அதில் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும், இல்லையென்றால் ஓவர்ஃப்ளோவையே அடைத்துவிடலாம். காற்றுக் குழாயை வெள்ள மட்டத்துக்கு மேல் கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கி வளைத்து, கொசுவலை கட்ட வேண்டும். மோட்டார் வயர் நுழையும் பைப்பின் வாயை சிலிக்கானால் அடைக்க வேண்டும். மொட்டைமாடி மழைநீரைச் சம்ப்பில் விட்டிருந்தால் அதற்குத் தனி வால்வு.

கார்தான் முக்கியம் என்று வீட்டு உரிமையாளர் பிடிவாதமாக நின்றால் அதற்கும் வழி இருக்கிறது. ரப்பர் கேஸ்கெட் வைத்து, போல்ட் போட்டு இறுக்கும் மூடிகள் கிடைக்கின்றன. மூடிமேல் இரண்டடித் தண்ணீர் நின்றால் அதன் எடையே ஏறத்தாழ 225 கிலோ. அந்த எடை மூடியை ரப்பரின் மேல் அழுத்தி இன்னும் இறுக்கமாக்கும். காரின் எடையையும் தாங்கும் தரத்தில் வாங்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். அவ்வளவுதான். இது இரண்டில் எதுவும் எட்டு வருடமாக நடக்கவில்லை. எங்கள் உரிமையாளர் மோசமானவரும் அல்ல. மோட்டார் எரிந்தால் மறுநாளே புதிது வரும், லாரித் தண்ணீருக்கான பங்கை ஒருநாளும் தாமதித்ததில்லை. சம்ப் கழுவும் செலவை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கொடுக்கிறார், மூடிக்கு மட்டும் கொடுக்க மாட்டார்.

தண்ணீர் புகுந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். தெருத் தண்ணீர் வடிந்த அன்றே சம்ப்பை ஒரேயடியாக இறைக்காதீர்கள், நிலத்தடி நீர் கொஞ்சம் இறங்கட்டும். மூடியைத் திறந்து நீண்ட நேரம் காற்றோட்டம் விட்டு, முடிந்தால் புளோவர் வைத்து, வெளியே ஓர் ஆள் கயிற்றோடு நிற்க, அதற்குப் பிறகே உள்ளே இறங்க வேண்டும். சாக்கடை கலந்த மூடிய தொட்டியில் விஷவாயு இருக்கும். அவசரப்பட்டு இறங்கி உயிர் விட்டவர்கள் உண்டு. சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுத்தண்ணீர் நிரப்பி, 6,000 லிட்டருக்கு ஒரு கிலோ பிளீச்சிங் பவுடர். பொட்டலம் புதிதாக இருக்க வேண்டும், நாள்பட்டதில் குளோரின் போயிருக்கும். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். அதையே மேல்தொட்டிக்கும் ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ஒரு முழுநாள் வைத்திருந்து வெளியேற்ற வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

நீரில் மூழ்கிய மோனோபிளாக் மோட்டாரை (சம்ப்புக்கு வெளியே இருக்கும் வகை)க் காய்ந்துவிட்டது என்று நினைத்து சுவிட்ச் போட்டால் காயில் போகும். கழற்றி நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, முழுக்க உலர்த்தி, மெகர் என்ற கருவி வைத்து மின்கசிவு இருக்கிறதா என்று இன்சுலேஷன் பார்த்து, கெப்பாசிட்டரையும் பேரிங்கையும் மாற்றிய பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். சம்ப்புக்குள்ளேயே இருக்கும் சப்மெர்சிபிளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் ஸ்டார்ட்டர் பெட்டி மட்டும் ஆள் உயரத்தில் இருக்க வேண்டும், பல கட்டடங்களில் இடுப்பளவில்தான் இருக்கிறது.

இனி தரைத்தள வீடு. இந்தக் கட்டடத்திலேயே நல்ல வீடு அதுதான். மே மாதத்தில் மாடியைவிடக் குளுமை, பின்பக்கம் ஒரு முருங்கை, வயதானவர்கள் படியேற வேண்டாம். மாதம் 3,000 என்றால் வருடத்துக்கு 36,000 மிச்சம். மறுபக்கம், ஓரடித் தண்ணீர் உள்ளே வந்தால் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர், வாஷிங் மெஷின் மோட்டார், பிளைவுட் கட்டில், அலமாரியின் கீழ்த்தட்டு எல்லாம் ஒரே ராத்திரியில் போகும். தெரு மேன்ஹோல் நிரம்பும்போது கழிவுநீர் முதலில் எதிர்த்து வருவதும் தரைத்தளக் கழிவறையிலும் குளியலறைத் துவாரத்திலும்தான். வீட்டுக் கழிவுநீர் தெருவுக்குப் போகும் கடைசிச் சேம்பரில் (கழிவுநீர்த் தொட்டி) பின்னோட்டத் தடுப்பு வால்வு இல்லையென்றால் வாசலில் எத்தனை மணல்மூட்டை அடுக்கியும் பயனில்லை, தண்ணீர் வீட்டுக்குள்ளிருந்தே வரும். வேறு வழியில்லாதபோது துணியில் சுற்றிய மணல்மூட்டையை கிளாசெட்டின் வாயில் அழுத்தி வைக்கலாம்.

அதனால் என் பதில், வேண்டாம். முருங்கையையும் குளுமையையும் மேலே நானே பாராட்டியிருக்கிறேன், இருந்தாலும் வேண்டாம்.

வேறு கட்டடம் பார்க்கப் போனால் டார்ச்சும் அளவு டேப்பும் கொண்டுபோங்கள். 2015, 2023 இரண்டு வருடமும் தண்ணீர் எதுவரை நின்றது என்று உரிமையாளரிடம் கேட்காமல் எதிர்க்கடையில் கேளுங்கள். அந்த உயரத்தை மீட்டர் போர்டு, ஸ்டார்ட்டர், சம்ப் மூடி மூன்றோடும் ஒப்பிட்டு அளந்து பாருங்கள். மூடியைத் திறக்கச் சொல்லி உள்சுவரைப் பாருங்கள். பழுப்புக் கோடு பட்டைபட்டையாக இருந்தால் வெள்ளம் உள்ளே வந்து போயிருக்கிறது. அட்வான்ஸ் பேசும்போது ஒன்று நினைவிருக்கட்டும். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவரை மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்கிறது. கட்டுமானப் பழுது, பெரிய குழாய் வேலை, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு, குழாய் வாஷர், சுவிட்ச், வடிகால் அடைப்பு குடியிருப்பவர் பொறுப்பு என்று அதன் அட்டவணையில் பிரித்திருக்கிறது. சம்ப் யார் பொறுப்பு என்பதைப் பெயர் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாடி வீட்டுக்கு நாங்கள் இந்த மாதம் மறுபடியும் 11 மாதம் கையெழுத்துப் போடுகிறோம். செப்டம்பர் 30க்குள் கேஸ்கெட் மூடி என்று இந்த முறை ஒரு வரி சேர்ந்திருக்கிறது. மூடி வந்ததும் இரண்டங்குலத் தண்ணீர் தேக்கி வைத்து ஒரு ராத்திரி சோதித்துப் பார்த்துவிட்டு நண்பருக்குத் திரும்ப எழுதுகிறேன்.